மேனேஜ்ட் சுவிட்சில் முன்னுரிமை: அட்டனில் இரண்டு வருட அனுபவம்

அட்டனில் நாங்கள் நடத்தும் டியூஷன் நிலையத்தில் மாலை நான்கு மணிக்கு உயர்தர இரசாயனவியல் வகுப்பு. பாதிப் பிள்ளைகள் நேரில் வருவார்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் இருப்பவர்கள் லயத்து வாசலில் போனை வைத்துக்கொண்டு சூமில் கேட்பார்கள். இருட்டிய பிறகு பஸ்ஸை நம்பி அவர்களை வரச்சொல்ல முடியாது. சேர் சமன்பாட்டைப் பாதி சொல்லும்போதே குரல் துண்டு துண்டாகும். "சேர், கேக்கல்ல" என்று சாட்டில் வரிசையாக விழும். இதற்காகத்தான் 16 போர்ட் மேனேஜ்ட் சுவிட்ச், அதாவது எந்தத் தரவு முதலில் போகவேண்டும் என்று நாமே அமைக்கக்கூடிய சுவிட்ச், வாங்கினேன்.

முதல் மூன்று மாதம் ஒரு பலனும் இல்லை. முன்னுரிமையை அமைக்கும் கியூஓஎஸ் பக்கத்தில் டிஎஸ்சிபி டிரஸ்டை (பாக்கெட்டில் ஏற்கெனவே உள்ள முன்னுரிமைக் குறியை சுவிட்ச் அப்படியே நம்புவது) ஆன் செய்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அலுவலக ஐபி போன் தன் குரல் பாக்கெட்டுகளில் 46 என்று, குரலுக்கான உயர் முன்னுரிமைக் குறியை, தானே இட்டு அனுப்பியது. பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தால், சேரின் விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து வந்த எல்லாமே 0, அதாவது முன்னுரிமை இல்லை. சரி என்று, லேப்டாப் செருகும் 5ஆம் போர்ட்டில் டிரஸ்டை எடுத்துவிட்டு, அந்தப் போர்ட்டுக்கே 802.1பி முன்னுரிமை (0 முதல் 7 வரையான எண்) 5 கொடுத்தேன்.

அப்போதும் குரல் உடைந்தது. காரணம் புரிய எனக்கு நாளானது. சுவிட்சுக்குள் எல்லாம் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம். அங்கே நெரிசலே கிடையாது. எங்கள் 4ஜி ரவுட்டரின் அப்லோட் நேரத்துக்கு ஏற்ப 6 முதல் 10 எம்பிபிஎஸ் வரைதான். நான்கு கெமராக்கள் கிளவுடுக்கு அனுப்பும் வீடியோவே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். சுவிட்ச் வந்ததையெல்லாம் உடனே ரவுட்டரிடம் தள்ளிவிட, வரிசை ரவுட்டருக்குள் நின்றது. என் முன்னுரிமை அங்கே செல்லாது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசுக்கு முன்னால்தான் வரிசை நிற்கும். மலைப்பாதையில் ஒருவரை முந்தவிட்டு என்ன பயன்?

ஆகவே வரிசையைச் சுவிட்சுக்குள் இழுத்தேன். ரவுட்டருக்குப் போகும் போர்ட்டில் வெளிச்செல்லும் வேகத்தை 5 எம்பிபிஎஸ் என்று கட்டுப்படுத்தினேன். ஒரு வாரம் வெவ்வேறு நேரங்களில் அளந்ததில் கிடைத்த மிகக் குறைந்த வேகத்துக்கும் சற்றுக் கீழே அது. அன்று மாலை ஒன்றரை மணி நேர வகுப்பு, ஒரு "கேக்கல்ல" கூட இல்லை. இரவில் கொஞ்சம் வேகம் வீணாகிறது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

இங்கே இரண்டு தவறுகள் செய்தேன். கெமராக்களுக்கு 0, அலுவலகக் கணினிக்கு 1 கொடுத்தேன். பெரிய எண் மேலே என்றுதானே தோன்றும்? உண்மையில் 802.1பி ஒழுங்கில் 1 என்பது பின்னணி வேலைகளுக்கானது, 0க்கும் கீழே. மாற்றிப் போட்டேன். அப்புறம், எல்லா வரிசைகளையும் ஸ்ட்ரிக்ட் முறையில் (மேல் வரிசை காலியான பிறகே கீழ் வரிசை போகும்) வைத்ததால் வகுப்பு நேரத்தில் கெமராப் பதிவுகளில் ஓட்டை விழுந்தது. இப்போது லேப்டாப்பும் ஐபி போனும் மட்டும் ஸ்ட்ரிக்ட். மற்றவை எடை பார்த்துப் பங்கிடும் டபிள்யூஆர்ஆர்.

இது அப்லோடுக்குத்தான் உதவும். டவுன்லோட் நெரிசல் சுவிட்சை அடையும் முன்பே நடந்து முடிந்துவிடும். ஆனால் எங்களுக்கு வேண்டியது சேரின் குரல் வெளியே போவதுதானே.

போன சித்திரை இடிமழையில் கரண்ட் போய் வந்தபோது கடைசியாகச் செய்த மாற்றங்கள் அத்தனையும் போயின. "அப்ளை" அழுத்தியிருந்தேன், "சேவ்" அழுத்தவில்லை. இப்போது மாற்றம் செய்த கையோடு சேவ் செய்து, கொன்பிக் கோப்பை ஒரு பென்டிரைவிலும் வைக்கிறேன். சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றும் உண்டு.

முன்னுரிமை போர்ட்டுக்குத்தான், லேப்டாப்புக்கு இல்லை. கூட்டித் துடைக்கும் அக்கா கேபிளைக் கழற்றினாலும் திரும்பச் சரியான இடத்தில் செருக, 5ஆம் போர்ட்டிலும் அந்தக் கேபிளிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.