பூக்கணக்கு ஷீட்டுக்கு எந்த டிராப் டவுன்?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். விடியுமுன்னே வியாபாரம் சூடுபிடிக்கும் இடம். பூவின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்ட அங்கே யாருக்கும் நேரமில்லை. தொட்டதும் கீழே விரியும் பட்டியலில் இருந்து, அதாவது டிராப் டவுனில் இருந்து, எடுத்துப் போட வேண்டும். முதல் வாரமே கடைக்கார அண்ணாச்சி கூப்பிட்டார். "மக்ளே, எழுத்து ரொம்பப் பொடிசாட்டு இருக்கு. முல்லையா மல்லியான்னே தெரியல்ல."

இரண்டுக்கும் விலை வேறு. பெயர் மாறினால் பூ கொண்டுவந்த விவசாயியின் காசு மாறும். ஆகவே பட்டியலைப் பெரிதாக்க எக்செலில் உள்ள மூன்று வழிகளையும் அதே ஷீட்டில் வைத்துப் பார்த்தேன்.

முதலாவது, நாம் எல்லாரும் போடும் டேட்டா வேலிடேஷன் பட்டியல். செல்லோடு ஒட்டியே இருக்கும். ஒரு செல்லில் போட்டு 300 வரிசைக்கு இழுத்துவிடலாம். ஆனால் ஒரு நேரத்தில் 8 பெயர்தான் காட்டும். அந்த எண்ணிக்கையை மாற்ற வழியே இல்லை. பிச்சி, மல்லிகை, முல்லை, சம்பங்கி, அரளி, கனகாம்பரம், கொழுந்து, துளசி என்று எட்டு முடிந்துவிடும். கேந்தி (செண்டுமல்லி), வாடாமல்லி, கோழிக்கொண்டை, தாமரை, பட்டன் ரோஸ் எல்லாம் கீழே மறைந்து கிடக்கும். எழுத்தளவையும் மாற்ற முடியாது. செல்லில் 16 வைத்தாலும் விரியும் பட்டியல் பழைய அளவிலேயே வரும்.

கையில் இருப்பது இரண்டே பிடி. ஒன்று, ஷீட்டின் ஜூம். அதைக் கூட்டினால் பட்டியலும் கூடவே பெரிதாகும். 80 சதவீதத்தில் வைத்து முழு ஷீட்டையும் ஒரே திரையில் அடக்கப் பார்த்ததுதான் நான் செய்த தப்பு. 130க்கு ஏற்றியதும் முல்லையும் மல்லியும் தனித்தனியாகத் தெரிந்தன. இன்னொன்று, நெடுவரிசையின் அகலம். பட்டியலின் அகலம் அதைப் பொறுத்ததுதான், குறுகலாக இருந்தால் நீளமான பெயர் வெட்டுப்படும். செல்லைத் தொட்டதும் தானாக அகலமாகும்படி மேக்ரோ என்ற சிறு நிரல் எழுதுகிறவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன். மேக்ரோ ஷீட்டை மாற்றிய உடனே, செய்ததைத் திரும்பப் பெற உதவும் அன்டூ பட்டியல் அழிந்துவிடும். அவசரத்தில் எடையைத் தப்பாகப் போட்டவருக்கு அந்த கன்ட்ரோல் இசட் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, டெவலப்பர் டேபில் கிடைக்கும் ஃபார்ம் கன்ட்ரோல் காம்போ பாக்ஸ், அதாவது ஷீட்டின் மேல் தனியாக வைக்கும் பட்டியல் பெட்டி. ரைட் கிளிக் செய்து ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பெட்டி பெரிதாகும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் செல்லின் விளிம்போடு சரியாகப் பொருந்தும். ஃபார்மேட் கன்ட்ரோலில் டிராப் டவுன் லைன்ஸ் என்ற இடத்தில் 8ஐ எடுத்துவிட்டு 20 போட்டேன். மொத்தப் பூவும் ஒரே பார்வையில் விரிந்தபோது அவ்வளவு நிம்மதி! எழுத்தளவு மட்டும் இங்கேயும் மாறாது. அப்புறம், இணைத்த செல்லில் பூவின் பெயர் வராது, பட்டியலில் அது எத்தனையாவது என்ற எண்தான் வரும். இன்டெக்ஸ் ஃபார்முலா போட்டுப் பெயரை எடுக்க வேண்டும். பெட்டி செல்லுக்குள் இல்லாமல் மேலே மிதப்பதால் வரிசைக்கு ஒன்று வைப்பதும் நடக்காத காரியம்.

மூன்றாவது, ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் நுட்பத்தில் இயங்கும் காம்போ பாக்ஸ். கேட்டதெல்லாம் இதில் இருக்கிறது: எழுத்துருவும் அளவும் மாற்றலாம், லிஸ்ட்ரோஸ் என்பதில் வரிசை எண்ணிக்கை, லிஸ்ட்விட்த் என்பதில் பெட்டியைவிட அகலமான பட்டியல். இணைத்த செல்லில் பெயரே வந்துவிடும். கண் மங்கியவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனாலும் சந்தைக் கடைக்கு நான் இதைக் கொடுக்க மாட்டேன். லேப்டாப்பை வேறு திரையில் மாட்டித் திரையளவு மாறினால், கிளிக் செய்யும்போது பெட்டி தானாகச் சுருங்குவதோ வீங்குவதோ பலரும் கண்ட கோளாறு. மேக் கணினியில் வேலை செய்யாது. போதாததற்கு ஆஃபிஸ் 2024இலும், 2025 ஏப்ரலில் இருந்து மைக்ரோசாஃப்ட் 365இலும் ஆக்டிவ்எக்ஸ் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. அமைப்பில் போய்த் திறந்துவிடலாம்தான். ஆனால் அதிகாலை நாலு மணிக்குப் பெட்டி வேலை செய்யாவிட்டால் யார் போய்த் திறப்பது?

கடைசியில் இரண்டை வைத்துக்கொண்டேன். வரவு எழுதும் வரிசைகளில் டேட்டா வேலிடேஷன், ஜூம் 130. ஒரு பூவின் அன்றைய மொத்த எடையைப் பார்க்க மேலே ஒரே ஒரு ஃபார்ம் காம்போ பாக்ஸ், 20 வரிசையோடு. எட்டுப் பெயர் தொல்லைக்கு, பட்டியலின் மூலத்தில் அகர வரிசையை விட்டுவிட்டு அதிகம் வரும் பூவை மேலே ஏற்றினேன். ஓணம் நெருங்கும்போது அத்தப்பூக் கோலத்துக்குக் கேரளத்துக்காரர்கள் கேட்டு வரும் கேந்தியையும் வாடாமல்லியையும் அண்ணாச்சியே மேலே தூக்கி வைத்துக்கொள்கிறார்.