காரைக்குடி பழைய சாமான் கடையில் ஒரு டப்பா கேமரா: வாங்கலாமா?

முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பல்லாங்குழி வாங்கப் போய்க் கேமராவோடு வந்திருக்கிறேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, காரணம் கடைசியில்.

எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் பர்மாத் தேக்குப் பெட்டிக்கும் நடுவில் முக்காலி போட்டு ஒரு பெரிய மரக் கேமரா நின்றது. "இருநூறு வருசப் பழசுண்ணே" என்றார் கடைக்காரர். பிரான்ஸுக்காரர் டாகர் தன் புகைப்பட முறையை வெளியிட்டதே 1839-இல்தானே என்றேன். "சரி, நூறுன்னு வச்சுக்கங்க." கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் தெருவே தலைகீழாகத் தொங்குகிறது, ஒரு சைக்கிள் சக்கரம் மேலே இருக்க ஊர்ந்து போனது. ஆசை வரும், வாங்காதீர்கள். படம் பதியும் கண்ணாடி பிளேட்டைச் செருகும் சட்டம் இல்லை, முப்பதாயிரம் கேட்கிறார்.

அந்தக் காலத்துப் பாட்டை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 1851-இல் ஆர்ச்சர் சொன்ன முறையில், கண்ணாடியில் மருந்தைப் பூசி அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும், வெளியூர் என்றால் இருட்டறையையும் சேர்த்தே தூக்கிப் போக வேண்டும். 1871-இல் மேடாக்ஸின் காய்ந்த ஜெலட்டின் பூசிய பிளேட் வந்தது, ஈரத் தொல்லை போனது. அப்புறம் 1888-இல் ஈஸ்ட்மன் தன் கோடாக் கேமராவை, நூறு படத்துக்கு ஃபிலிம் சுருளை உள்ளே போட்டே 25 டாலருக்கு விற்றார், 1900-இல் வந்த அவருடைய பிரௌனி டப்பா கேமரா ஒரே டாலர்.

நான் வாங்கியது அந்த வம்சம்தான், நம்பர் 2 பிரௌனி, பேரம் பேசி 1,800 ரூபாய். விசையை இந்தப் பக்கம் தள்ளினால் ஒரு படம், அந்தப் பக்கம் தள்ளினால் அடுத்தது. முதுகில் குட்டிச் சிவப்பு ஜன்னல், அதில் எண் வரும்வரை சாவியைத் திருக வேண்டும். இதற்கான '120' அளவு ஃபிலிம் இன்றும் கிடைக்கிறது, சுருளுக்கு எட்டுப் படம். எங்கள் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் ஸ்டூடியோ படத்தில் ஐயா கோலை விழுங்கியவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அதே ஐயா, யாரோ டப்பா கேமராவில் எடுத்த சின்னப் படத்தில் திண்ணையில் சட்டையில்லாமல் வெற்றிலை மடிக்கிறார். எனக்கு அந்த இரண்டாவது ஐயாவைத்தான் தெரியும்.

இப்போது குறை. "லென்ஸ் பளிங்குண்ணே" என்றார், வீட்டில் டார்ச் அடித்தால் உள்ளே பூஞ்சை. திரும்பப் போனேன், எடுத்தது எடுத்ததுதானாம், பில்லும் கிடையாது. ஆனாலும் மனிதர் நல்லவர், காபி வாங்கிக் கொடுத்தார், அதனால்தான் பெயரைச் சொல்லவில்லை. எட்டில் ஐந்து படம் தேறியது, எல்லாம் பனிக்குள் எடுத்த மாதிரி. நீங்கள் போனால் டார்ச்சோடு போங்கள், சொன்ன விலையில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள்.