பிஆர் போடும் ஏஜெண்ட்டுடன் ஏறக்குறைய ஒரு வருஷம்

சொன்ன வேலைக்குத் தானே கோடு எழுதி முடிக்கும் ஏஐ ஏஜெண்ட் கருவிகளைப் பற்றி முதல் வாரத்திலேயே எழுதித் தள்ளிவிடுகிறார்கள். உற்சாகம் வடிந்தபிறகு எப்படி இருக்கிறது என்று எழுதுபவர்கள் குறைவு. எங்கள் டீமில் ஒரு இஷ்யூவை (பிழை அல்லது வேலை பற்றிய பதிவு) ஏஜெண்ட்டுக்கு அசைன் செய்தால் போதும். அதுவே பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) எடுத்து, புரோகிராம் கோடை மாற்றி, டெஸ்ட் ஓட்டி, அந்த மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் புல் ரெக்வெஸ்ட்டையும் (சுருக்கமாக பிஆர்) திறந்து வைத்துவிடும். எந்த நிறுவனத்துக் கருவி என்பது முக்கியமில்லை. 2025 மே மாதத்தில் ஒரே வாரத்துக்குள் ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ், கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் கோபைலட் ஏஜெண்ட், கூகுளின் ஜூல்ஸ் மூன்றும் களத்துக்கு வந்தன. இதுவும் அந்த ரகம்தான். இதை டீம் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று ஆவணம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

பாட் (தானியங்கி நிரல்) பிஆர் போடுவது ஒன்றும் புதிதில்லை. 2019இல் கிட்ஹப் வாங்கிய டிபெண்டபாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. லைப்ரரி வெர்ஷனை ஏற்றச் சொல்லி அது போடும் பிஆர்களைத் திறந்துகூடப் பார்க்காதவர்களும் நிறைய. அங்கே மாற்றம் ஓரிரு வரி, காரணமும் வெளிப்படை. இங்கே காரணத்தையும் ஏஜெண்ட்டே எழுதுகிறது, அதுவும் நன்றாக எழுதுகிறது. சிக்கலே அதுதான்.

ஒரு உதாரணம். ஏப்ரல் 1ஆம் தேதி போட்ட இன்வாய்ஸ் மார்ச் 31 என்று பதிவாகிறது என ஒரு புகார். நமக்கு அது ஒரு நாள் பிசகு மட்டுமில்லை, நிதியாண்டே மாறிவிடும். காரணம் எளிது: பயனர் தேர்ந்தெடுத்த நாளை நள்ளிரவு 12 மணியாக எடுத்துக்கொண்டு, யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். இந்திய நள்ளிரவு யுடிசியில் முந்தைய நாள் மாலை 6.30. ஏஜெண்ட் என்ன செய்தது தெரியுமா? சேமிப்பதற்கு முன் இந்திய நேர வித்தியாசமான 330 நிமிடத்தைக் கூட்டியது. அதற்கு டெஸ்ட்டும் எழுதியது, எல்லாம் இந்திய நேரத்தில். எல்லாமே பச்சை, அதாவது பாஸ். ‘நேர மண்டலப் பிழை முழுமையாகத் தீர்ந்தது’ என்று விளக்கம் வேறு.

ரிவ்யூ செய்த நண்பர் ஒரே கேள்விதான் கேட்டார்: “சிங்கப்பூர் கஸ்டமருக்கு?” அங்கே நள்ளிரவு என்றால் யுடிசியில் முந்தைய நாள் மாலை 4 மணி. ஐந்தரை மணி நேரம் கூட்டினாலும் இரவு 9.30தான், நாள் மாறவில்லை. தேதியை நேரம் சேர்க்காமல் தேதியாகவே சேமித்திருந்தால் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். பிஆர் மெயின் கோடில் மெர்ஜ் ஆகாமல் மூடப்பட்டது.

அன்றிலிருந்து ஆவணத்தின் போக்கு மாறியது. ஏஜெண்ட்டுக்கான கட்டளைகளை எழுதிவைக்கும் ஏஜெண்ட்ஸ்.எம்டி (AGENTS.md) என்ற கோப்பை இப்போது பல கருவிகள் தாமாகவே படிக்கின்றன. அதில் ப்ராஜெக்ட்டின் வரலாறு, ஆர்க்கிடெக்சர் விளக்கம் எல்லாம் எழுதிப் பெரிய பலன் இல்லை. பலன் தந்தவை சின்னச் சின்னக் கட்டளைகள்: டெஸ்ட் ஓட்டும் கமாண்ட் இது, டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் ஃபோல்டரைத் தொடாதே, தேதியில் நிமிடம் கூட்டாதே, டெஸ்ட் தோற்றால் டெஸ்ட்டைத் திருத்தாதே, நிறுத்திவிட்டுக் காரணத்தை எழுது. கடைசி விதி இல்லாத காலத்தில் தோற்ற டெஸ்ட்டைச் சத்தமில்லாமல் ஸ்கிப் செய்துவிட்டு வந்த பிஆர்களும் உண்டு. இந்த விதிகளில் பாதி எங்கள் சீனியர்களின் தலைக்குள் மட்டுமே இருந்தவை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் ஆன்போர்டிங் ஆவணத்தை விட்டுவிட்டு இந்தக் கோப்பைத்தான் படிக்கிறார்!

பாதுகாப்பில் மட்டும் சமரசம் கூடாது. கோபைலட் ஏஜெண்ட் அறிமுகமானபோதே அதற்குச் சில வேலிகள் இருந்தன: தனக்கென எடுத்த பிராஞ்சில் மட்டுமே புஷ் செய்யலாம், ஒரு மனிதர் அனுமதி தராமல் ஆக்ஷன்ஸ் (கிட்ஹப்பில் தானாக ஓடும் வேலைகள்) ஓடாது, வேலையைக் கொடுத்தவரே அந்த பிஆருக்கு ஒப்புதல் தர முடியாது. எந்தக் கருவியாக இருந்தாலும் இவை மூன்றையும் போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அப்புறம், வெளியாள் எழுதும் இஷ்யூவை நேரடியாக ஏஜெண்ட்டிடம் தள்ளிவிடக் கூடாது. இஷ்யூவுக்குள் இருக்கும் எந்த வரியையும் அது கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

சரி, லாபம் என்ன? எழுத்துப்பிழை, விடுபட்ட டெஸ்ட், பழைய ஏபிஐ அழைப்பைப் புதியதாக மாற்றுவது, லாக் மெசேஜ் திருத்துவது: யாரும் கையில் எடுக்காமல் மாதக்கணக்கில் கிடந்த டிக்கெட்டுகள் நகர்கின்றன. என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரியில் தெளிவாக எழுத முடிகிற வேலை என்றால் பெரும்பாலும் ஒழுங்காக முடித்துத் தருகிறது. ‘ரிப்போர்ட் மெதுவாக வருகிறது, பார்’ என்று கொடுத்தால் மெதுவாவதற்கான காரணத்தைத் தேடாமல், பழைய முடிவைச் சேமித்துவைத்துக் காட்டும் கேஷ் (cache) ஒன்றைப் போட்டுவிட்டு வந்து நிற்கும்.

கோடு எழுதும் நேரம் மிச்சம், ரிவ்யூ நேரம் கூடுதல். அந்தச் சுமை இரண்டு சீனியர்கள் மேல்தான் விழுகிறது, எந்த டேஷ்போர்டிலும் அது தெரிவதில்லை. அதனால் இப்போது ஒரு வரம்பு வைத்திருக்கிறோம்: ஏஜெண்ட்டின் பிஆர் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. நான்காவது வேண்டுமென்றால், கேட்பவர் முதலில் ஒன்றை ரிவ்யூ செய்து முடிக்க வேண்டும். சந்தாவைப் புதுப்பித்தாயிற்று, இந்த நிபந்தனையோடு.