ஒன்பது வருடமாக ஒரு பழைய எம்எக்ஸ்-5: இன்ஜினைவிடத் தண்ணீரைக் கவனியுங்கள்

என் வண்டி 1991-ல் ஜப்பானில் விற்பனையானது. அங்கே அதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். பல நாடுகளில் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்றால்தான் தெரியும். கப்பலேறி இங்கிலாந்து வந்து, 2015-ல் லெஸ்டரில் என் கைக்கு வந்தபோது மைல் கணக்கில் 84,000 ஓடியிருந்தது. இப்போது 1,12,000-ஐத் தாண்டிவிட்டது. 1.6 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர், பின்சக்கரத்துக்குப் போகும் இழுவை, மேலே எழும் ஹெட்லைட். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. வளைவான கிராமத்துச் சாலையில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது அந்தக் குட்டை லீவர் கையில் தரும் உணர்வுக்காகவே இவ்வளவு வருடம் வைத்திருக்கிறேன்.

வாங்கும்போது எல்லோரும் இன்ஜினைப் பார்த்து வாங்கு என்றார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் மிஷின் போல டக்டக் என்று சத்தம் வந்தது, பயந்துபோனேன். வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் எண்ணெய் ஏறும்வரை வரும் சத்தம் அது. அடுத்தடுத்து இரண்டு முறை எண்ணெய் மாற்றியதும் அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. எண்ணெய் மாற்றுவது சுலபம், ஃபில்டரைக் கழற்றுவதுதான் பாடு: இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. வலது முன்சக்கரத்தைக் கழற்றி அந்த வழியாகக் கையை விட்டால்தான் எனக்கு எட்டும்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த 1.6 இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, வண்டி நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். வாட்டர் பம்பைச் சுற்றுவது வெளியே இருக்கும் ஆல்டர்னேட்டர் பெல்ட், ஆனால் பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டையும் கழற்ற வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே வேலையாகச் செய்துவிட்டேன். ஆரம்ப வருட வண்டி வாங்குகிறவர்கள் முன்பக்கம் டார்ச் அடித்து கிராங்கின் மூக்கில், அதாவது முன்முனையில், இருக்கும் புல்லியின் நடுப்பகுதியைப் பாருங்கள். நான்கு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு கிராங்க், எட்டு இருந்தால் நீள மூக்கு. குட்டை மூக்கில் பெல்ட் மாற்றியபிறகு போல்ட்டைச் சரியான இறுக்கத்துக்கு இறுக்காமல் விட்டால் புல்லி ஆட ஆரம்பித்து, புல்லியைப் பிடித்திருக்கும் சாவி உட்காரும் பள்ளம் தேய்ந்து, கிராங்கே வீணாகிவிடும். என்னுடையதில் எட்டு. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆக, இன்ஜின் என்னைக் கைவிட்டதே இல்லை. தண்ணீர்தான் படுத்தியது.

2016 மழைக்காலத்தில் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் நனைந்திருந்தது. துணிக்கூரை கிழிந்திருக்கும் என்று நினைத்து அதையே தடவிக்கொண்டிருந்தேன். உண்மையில் கூரையில் விழும் மழை பின் விளிம்பில் இருக்கும் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இரண்டு மூலைகளிலும் இருக்கும் குழாய் வழியாகக் கீழே இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் விழ வேண்டும். சீட் பெல்ட் கூண்டுக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினேன். கறுப்புச் சேறு, பைன் ஊசி, அதற்குள் முளைவிட்டிருந்த ஒரு விதை! தடித்த நைலான் நரம்பை உள்ளே விட்டு மெல்ல ஆட்டி, தண்ணீர் ஊற்றினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு சொட்டு. பிறகு டீ நிறத்தில் குபுகுபுவென்று ஒரு நிமிடம் ஓடியது. கம்பி மட்டும் விடாதீர்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேரே வண்டிக்குள்தான் போகும்.

ஆனால் எனக்கு முன்பே காரியம் கெட்டிருந்தது. அடைத்த தண்ணீர் பல வருடம் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிக்குள் தேங்கியிருக்கிறது. வெளியே சாலை உப்பு, உள்ளே ஈரம். அடுத்த வருட எம்ஓடி சோதனையில் (வண்டி ஓடத் தகுதியானதா என்று இங்கே வருடாவருடம் பார்ப்பது), பின்சக்கர வளைவுக்கு முன்னால் சோதகர் தட்டிப் பார்த்தார். பெயின்ட்டோடு உள்ளங்கை அகலத்துக்கு ஃபில்லர் பசை பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பின்னால் இரும்பே இல்லை. முன்பு யாரோ ஓட்டையில் ஃபில்லரைப் பூசி, மேலே பளபளப்பாகப் பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு இற்றிருந்தால் வண்டி தேறாது. அதை நான் சரியான விதி என்றே சொல்வேன். மோதலில் நம்மைப் பிடித்திருப்பது அந்த இடம்தான். இரண்டு பக்கமும் வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய 900 பவுண்டுக்கு மேல் ஆனது. இந்த வண்டிக்கு நான் கொடுத்த மிகப் பெரிய பில் அது.

அடுத்த தொல்லையிலும் ஈரம்தான். பனிமூட்டமான காலைகளில், மேட்டில் ஏறும்போது இன்ஜின் குலுங்கும். வெயில் வந்தால் சரியாகிவிடும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்தான் கோளாறு என்று முடிவு கட்டி வாங்கி மாட்டினேன், குலுக்கல் அப்படியே இருந்தது. ஒருநாள் இரவு விளக்கை அணைத்து, இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயர்கள்மேல் பாட்டிலால் பூப்போலத் தண்ணீர் தெளித்தேன். மூன்றாவது சிலிண்டர் ஒயரிலிருந்து இன்ஜின் மூடிக்கு ஊதா நிறத்தில் பொறி தாவியது. (அந்த நேரம் ஒயர் பக்கம் கை போகக் கூடாது.) நான்கு ஒயரும் பிளக்கும் மாற்றியபின் அந்தக் குலுக்கல் திரும்ப வரவே இல்லை. அன்றிலிருந்து, எங்கே கோளாறு என்று கண்ணால் பார்க்காமல் எந்தப் பாகமும் வாங்குவதில்லை.

இந்தப் பழக்கம் உடனே கைகொடுத்தது. கியர்பாக்ஸ் மாட்டும் இடத்திலிருந்து எண்ணெய் சொட்டியது. காட்டிய பட்டறையில் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து துடைத்துவிட்டு, பத்து மைல் ஓட்டி, கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் இருக்கும் கேம் தண்டின் நிலையை அளக்கும் கேம் ஆங்கிள் சென்சாரிலிருந்துதான் வழிகிறது. உள்ளே ஒரு ஓ-ரிங். கழற்றிப் பார்த்தால் ரப்பர் பிளாஸ்டிக் போலக் கல்லாகி, வளைத்ததும் முறிந்தது. புதியது சில பவுண்டுதான். சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 12 மில்லிமீட்டர் போல்ட். கழற்றும் முன் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள், ஏனென்றால் அதைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் மாறும். மாட்டியபிறகு டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்று எழுதிய இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்து, டைமிங் லைட் அடித்து 10 டிகிரிக்கு வைத்தேன்.

கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் ஒருமுறை ஒழுகியது. பெடல் தரையோடு போய்விட்டது. இரண்டு போல்ட், ஒரு மாலை வேலை. டிக்கியில் இருக்கும் பேட்டரிக்கு வாயு வெளியேறும் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள், சாதாரண பேட்டரி வைத்தால் அமிலம் கசிந்து அந்தத் தரையும் துருப்பிடிக்கும்.

இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டு குழாய்களையும் சுத்தம் செய்து, சில் பெட்டிக்குள் மெழுகு அடித்துவிட்டு, உப்புத் தூவும் மாதங்களில் வண்டியை எடுப்பதில்லை.

நீங்கள் ஒன்றைப் பார்க்கப் போனால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கூரையின் பின் மூலையில் பக்கத்துக்கு அரை லிட்டர் மெதுவாக ஊற்றிவிட்டுக் குனிந்து பின்சக்கரத்துக்கு முன்னால் பாருங்கள். தெளிவாக, தடையில்லாமல் விழுந்தால் மற்றவற்றைப் பேசலாம். விழவில்லை என்றால் சில் வெல்டிங் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.