பச்சை எண்ணெய் டேங்கில் பிரேக் ஆயில் ஊற்றிவிட்டார்கள்

ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன் (எண்ணெயும் வாயுவும் சேர்ந்து வண்டியைத் தாங்கும் அமைப்பு) உள்ள பழைய சிட்ரோயன் கார் வைத்திருப்பவர்கள், வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் சிட்ரோயன் சிஎக்ஸ் மூன்று வாரமாக வயிறு தரையில் படுகிற மாதிரி படுத்துக் கிடக்கிறது. நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த வண்டி.

ஆரம்பத்தில் இருந்தது சின்னக் குறைதான். சிறு பள்ளத்துக்கே கட்டை வண்டி போல உதறியது. இந்த வண்டியில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு இரும்பு உருண்டைகள், ஸ்பியர் என்போம். உள்ளே ரப்பர் சவ்வு, அதற்கு ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் எண்ணெய். வண்டியைத் தாங்கித் தாலாட்டுவது அந்த நைட்ரஜன்தான். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அது சவ்வு வழியே மெல்லக் கசிந்து குறையும். எனவே நான்கையும் மாற்றி, எண்ணெயையும் புதிதாக ஊற்றச் சொல்லி வண்டியை விட்டேன். “இந்த மாதிரி வண்டி எத்தனை பார்த்திருக்கோம், கவலையே படாதீங்க சார்” என்றார் உரிமையாளர். கவலைப்பட்டிருக்க வேண்டும்.

வண்டி திரும்பி வந்தபோது ஸ்பியர்கள் பளபளவென்று பச்சையாக இருந்தன. உதறல் மட்டும் அப்படியே இருந்தது. “புது ஸ்பியர் சார், செட்டாக நாளாகும்” என்றார்கள். நைட்ரஜனுக்குச் செட்டாவது என்று ஒன்று கிடையாது. மாற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்துவிடும். அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வந்தேன், அது என் தப்பு. வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்பியரும் அது திருகப்படும் பாகமும் சேரும் இடத்தில் பெயிண்ட் கோடு எங்கும் உடையாமல் ஒரே பூச்சாக இருந்தது. கழற்றி மாட்டியிருந்தால் அந்த இடத்தில் பூச்சு விட்டிருக்கும். நகத்தால் சுரண்டினேன், அடியில் பழைய துரு. இருந்த இடத்திலேயே வைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்!

அந்தப் பணம் போனதுகூடப் பரவாயில்லை. அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். பத்து நாளில் ஸ்டியரிங் கனத்தது, பின்பக்கம் ஒரு மூலை எழும்பவில்லை, அடியில் சொட்டத் தொடங்கியது. டேங்கைத் திறந்தால் எண்ணெய் கலங்கலாக இருந்தது. கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தேன். காலையில் மேலே பச்சை, கீழே வெளிர்மஞ்சள் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது. பச்சை என்பது இந்த வண்டிக்கு உரிய எல்எச்எம் என்ற கனிம எண்ணெய். கீழே இருந்தது சாதாரண பிரேக் ஆயில். கிளைக்கால் வகை, எடை கூடியது, கனிம எண்ணெயோடு கலக்காது.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டபோது வந்த பதில்: “பிரேக்கும் அதே டேங்க்ல இருந்துதானே சார் வேலை செய்யுது? அப்போ பிரேக் ஆயில்தானே ஊத்தணும்?” பாதி உண்மை. பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் ஒரே பம்ப் தரும் அழுத்தத்தில்தான் ஓடுகின்றன. சிஎக்ஸுக்கு முந்தைய சிட்ரோயன் மாடலான டிஎஸ்ஸின் ஆரம்பகால வண்டிகளில் பிரேக் ஆயிலின் தூரத்துச் சொந்தம் போன்ற எல்எச்எஸ் என்ற சிவப்பு எண்ணெய் ஊற்றியதும் உண்மைதான். ஆனால் 1960களின் பிற்பகுதியில் சிட்ரோயன் எல்எச்எம்முக்கு மாறியது. 1974இல் வந்த சிஎக்ஸ் பிறந்ததிலிருந்தே பச்சைதான். பாகங்களுக்குப் பச்சை அடித்திருப்பதும் அழகுக்காக இல்லை, இதற்கு எல்எச்எம் மட்டும்தான் என்று சொல்லத்தான். ஒன்றுக்கான ரப்பர் சீல் மற்றொன்றில் ஊறினால் கெட்டுப்போகும். இரண்டு பக்கமும் அதே கதைதான். சிவப்பு எண்ணெய்க்கான டிஎஸ்ஸில் பச்சையை ஊற்றினாலும் நாசம்.

தவறான எண்ணெய் ஊற்றியது தெரிந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். எஞ்சின் ஓடாதவரை அது டேங்கில்தான் இருக்கும், உறிஞ்சி எடுத்துவிடலாம். நான் பத்து நாள் ஓட்டிவிட்டேன். இப்போது உயரம் சரிசெய்யும் வால்வு, பிரேக் வால்வு, சஸ்பென்ஷன் சிலிண்டர், ரிட்டர்ன் குழாய் என்று எண்ணெய் பட்ட ஒவ்வொரு ரப்பரையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. பிரேக்கும் அதிலேயே இருப்பதால் ஓட்டிப் பார்க்கவும் துணிவில்லை.

பணம் கேட்டுப் போனேன். பில்லில் “ஆயில்” என்று ஒரே வார்த்தை. என்ன ஆயில் என்று இல்லை. ஸ்பியருக்கு நேரே “வேலை” என்று எழுதியிருந்தார்கள், மாற்றியதாக எங்குமே இல்லை. எண்ணெயின் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள், காலி டப்பாவைக் கேளுங்கள், கழற்றிய ஸ்பியர்களை எடுத்து வாருங்கள். விடும் முன்பே பழைய ஸ்பியரில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைப்பது இன்னும் நல்லது. பிரஷர் ரெகுலேட்டரின் திருகைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்காமல் ஸ்பியரில் கை வைக்கிற மெக்கானிக்கைப் பார்த்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். உள்ளே அழுத்தம் நூறு பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு அருகிலோ மேலோ இருக்கும். ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் படுப்பவரையும் தடுத்துவிடுங்கள், அழுத்தம் போனால் வண்டி அவர் மேலேயே உட்காரும்.

அந்த பாட்டிலை மட்டும் ஷெல்பில் வைத்திருக்கிறேன். அடுத்த மெக்கானிக்கிடம் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் பேச்சே.