ஆஷ்ரிட்ஜில் நாயோடு: காட்டுப் பக்கமா, புல்மேட்டுப் பக்கமா?

லண்டனிலிருந்து ரயிலேறி ட்ரிங் நிலையத்தில் நாயோடு இறங்கினால் உடனே ஒரு முடிவெடுக்க வேண்டும். ஒரு வழி ஆல்ட்பரி கிராமத்தைத் தாண்டி ஆஷ்ரிட்ஜ் எஸ்டேட்டின் பீச் (beech) மரக்காட்டுக்குப் போகிறது. இன்னொரு வழி பிட்ஸ்டன் குன்றில் ஏறி, ஐவிங்கோ பீக்கன் என்ற குன்றுமுகடு வரை புல்மேடாகவே நீள்கிறது. எஸ்டேட் என்றதும் தேயிலை ஞாபகம் வேண்டாம். பரம்பரையாகப் பிரபுக்கள் கையில் இருந்த நிலம் இது. 1926 முதல், பாரம்பரிய இடங்களைக் காக்கும் தொண்டு அமைப்பான நேஷனல் டிரஸ்ட் வசம் வந்தது, இன்று சுமார் 5,000 ஏக்கர்.

எங்கள் மிளகு ஏழு வயதுக் கறுப்பு லாப்ரடார். இரண்டு பக்கமும் பல தடவை போய்விட்டோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் புல்மேட்டைத்தான் கேட்கிறார்கள். ‘வெட்டவெளி, அவிழ்த்துவிட்டால் ஜாலியாக ஓடுமே’ என்பது கணக்கு. எல்லா மாதத்துக்கும் அந்தக் கணக்கு சரிவராது.

காரணம் வானம்பாடி. மரத்தில் கூடு கட்டாமல் தரையில், புல்லுக்கு நடுவே முட்டையிடும் பறவை. இங்கிலாந்தில் பொதுமக்கள் நடக்கத் திறந்துவிடப்பட்ட மேடுகளிலும் பொது நிலங்களிலும் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய்க்கு 2 மீட்டருக்கு மிகாத வார் கட்டாயம். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கால்நடை அருகில் என்றால் வருடம் முழுக்க. ஐவிங்கோ பக்கம் செம்மறிகள் மேயும். ஆட்டைத் துரத்தும் நாயைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது விவசாயி சுட்டுவிட்டால், சட்டம் அவர் பக்கம்தான் நிற்கும். மாடு வந்தால் நேர்மாறு: அது உங்களைத் துரத்தினால் வாரை விட்டுவிட வேண்டும். நாய் ஓடித் தப்பிக்கும், பிடித்துக்கொண்டிருக்கும் ஆள்தான் மிதிபடுவார்.

அப்புறம் புல் விதை. ஒரு ஜூலையில் வீட்டுக்கு வந்ததிலிருந்து மிளகு முன்னங்காலையே நக்கிக்கொண்டிருந்தாள். விரலிடுக்கை விரித்துப் பார்த்தால் சின்னச் சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். மூன்றாம் நாள் வீங்கிவிட்டது. மருத்துவர் உள்ளேயிருந்து எடுத்துக் காட்டியது அரை அங்குலக் கதிர்முள். அதன் சுணை பின்னோக்கி இருப்பதால் உள்ளே மட்டும்தான் நகருமாம், வெளியே வராது. காதுக்குள் போனால் இன்னும் மோசம்.

கழிவையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சுண்ணாம்பு மேட்டில் இத்தனை வகைப் பூ பூப்பதற்குக் காரணமே மண்ணில் சத்து குறைவு என்பதுதான். உரம் ஏறினால் முரட்டுப் புல்லும் செந்தட்டியும் மேலோங்கும், பூச்செடி ஒதுங்கிவிடும். பெல்ஜியத்தின் கென்ட் நகரையொட்டிய இயற்கைக் காப்பிடங்களில் 2022இல் கணக்கிட்டபோது, நாய்கள் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரஸும் சேர்ப்பதாகத் தெரிந்தது. ‘உரம்தானே’ என்று விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பையை எடுத்தவர்கள் குறைவு.

காட்டுக்கு வருவோம். 1832இல் எழுப்பிய பிரிட்ஜ்வாட்டர் நினைவுத்தூணைத் தாண்டி உள்ளே போனதும் மிளகின் நடை மாறிவிடும். பத்தடிக்கு ஒருமுறை நின்று, இலைக்குப்பையில் மூக்கைப் புதைத்து, ஒரே வேரை ஒரு நிமிடம் மோந்து பார்ப்பாள். இங்கே கேளையாடு என்ற சின்ன மான் உண்டு. நம் ஊர் மலைக்காட்டுக் கேளையாட்டின் சீன உறவு, இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து விடப்பட்டது. அது குரைத்த மாத்திரத்தில் இவள் சிலையாகிவிடுவாள்: முன்கால் ஒன்று தூக்கியபடி, மூக்கு மட்டும் துடிக்கும். அந்த நேரத்தில் வார் கையில் இல்லையென்றால், கூப்பிட்டுப் பயனில்லை. ஃபேலோ மான்களும் கூட்டமாக இருக்கின்றன. ஜூனில் குட்டி போடும், அக்டோபரில் கிடாக்கள் முட்டிக்கொள்ளும். புல்மேட்டில் ஆட்டைத் தூரத்திலேயே பார்த்துவிடலாம். காட்டில் மானை முதலில் பார்ப்பது எப்போதும் நாய்தான்.

காட்டின் இன்னொரு தொல்லை உண்ணி. மான் இருக்கும் இடத்தில் அது இல்லாமல் இருக்காது, கடித்தால் தொற்றும் லைம் என்ற பாக்டீரியா நோயையும் பரப்பும். வசந்தத்தில் ப்ளூபெல் பூத்துத் தரையே நீலமாகும்போது பாதையை விட்டு இறங்கவே கூடாது. நசுங்கிய இலை சத்து சேர்க்க முடியாமல் போய், செடி தேறப் பல வருடங்கள் ஆகும். அதன் கிழங்கு நாய்க்கு விஷமும்கூட.

என் தீர்ப்பு ஊர்க்கணக்குக்குத் தலைகீழ். வார் போட்டுத்தான் நடக்க வேண்டும் என்றால் காடு. நிழல் இருக்கிறது, மோப்பத்துக்குப் பஞ்சமில்லை, இரண்டு மீட்டர் வாரிலேயே நாய்க்கு மனம் நிறைந்துவிடும். மார்ச் முதல் ஜூலை வரை நாங்கள் அங்கேதான். அவிழ்த்துவிட ஆசை என்றால் செப்டம்பருக்குப் பிறகு புல்மேடு, அதுவும் ஆடு இல்லாத பகுதி. கூப்பிட்டால் திரும்பி வராத நாய்க்கு அதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

மழை பெய்திருந்தால் இரண்டுமே சேறு. காட்டுக் களிமண் பூட்ஸோடு ஒட்டிக்கொண்டு வரும், மேட்டுச் சுண்ணாம்பு வழுக்கிவிடும். பீக்கன் ஏற்றத்தில் நாய் குடிக்க ஓடை கிடையாது, பாட்டிலும் கிண்ணமும் எடுத்துப் போங்கள். காட்டிலிருந்து திரும்பினால், ரயில் ஏறுவதற்கு முன்பே காதுமடலையும் அக்குளையும் தடவி உண்ணி பார்த்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், அதற்குள் அது சோபாவில் இருக்கும்.