பிளேட்டோவின் சாக்ரடீஸா, செனபோனின் சாக்ரடீஸா?

கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் 70 வயது சாக்ரடீஸ் என்ன பேசினார்? அவர் கைப்பட எதுவும் எழுதவில்லை. சீடர்கள் இருவர் எழுதியது இருக்கிறது.

பிளேட்டோ அன்று அங்கே இருந்தார். அவர் எழுதியது இது: குற்றவாளி என்று தீர்ப்பானதும் சாக்ரடீஸே ஒரு தண்டனையை முன்மொழிய வேண்டும். நகர மண்டபத்தில் எனக்கு இலவசச் சாப்பாடு போடுங்கள் என்கிறார். ஒலிம்பிக்கில் வென்றவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை அது! அப்புறம்தான் ஒரு மினா (அன்றைய கிரேக்கப் பண அளவு) அபராதம், நண்பர்கள் பிணை நிற்பதால் 30 மினா என்கிறார்.

செனபோன் அப்போது ஊரிலேயே இல்லை. சாக்ரடீஸின் நண்பர் ஹெர்மோஜினஸ் சொல்லக் கேட்டு எழுதினார். அவருடைய சாக்ரடீஸ், கண்ணும் காதும் மங்குவதற்குள் இறந்துபோவதே மேல் என்று நினைக்கிறார். அபராதம் முன்மொழியவும் மறுக்கிறார்.

நான் பிளேட்டோ பக்கம். முதுமைக்குப் பயந்தா ஒருவர் அத்தனை பேர் முன்னால் அப்படி நிமிர்ந்து நின்றிருப்பார்?